மணி இல்லாத சைக்கிள்

எங்கள் சோப்புத் தொழிற்சாலையில் அவரைக் கிணிங் சார் என்றுதான் சொல்வார்கள். அவருடைய சைக்கிளில் மணியே கிடையாது. மணி இருந்த இடத்தில் துருப்பிடித்த வளையம் ஒன்று மட்டும் இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், "மணி இல்லாதவருக்கு எதுக்குங்க கிணிங்னு பேரு?" என்று கேட்பார்கள். பழையவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவரோடு ஒரே அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த நானும் அப்படித்தான். அந்த மணி எங்கே போயிற்று என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

எங்கள் அறைக்கு விடுப்புப் பிரிவு என்று பெயர். ஜன்னலைத் திறந்தால் சோப்பு வாடை வரும். மூடினால் எங்கள் வாடையே எங்களுக்கு வரும். உடம்பு சரியில்லை என்று வீட்டில் நின்றுவிடும் தொழிலாளிகளின் மெடிக்கல் சர்டிபிகேட் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கடைத்தெரு மாடியில் ஒரு டாக்டர் இருந்தார். அவரிடம் யார் போனாலும் முதுகுவலிதான். கர்ப்பிணிக்கும் முதுகுவலி, காது குத்திக்கொண்டவனுக்கும் முதுகுவலி. அந்த மாடிப்படிதான் ஆட்களின் முதுகைக் கெடுக்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஒருவன் பல்வலிக்கு 'படுக்கையில் முழு ஓய்வு' என்று எழுதி வாங்கி வந்தான். "பல்லை எந்தப் பக்கமா படுக்க வெச்சே?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் வெட்கப்படாமல் இடது பக்கம் என்றான்.

காகிதத்தைப் பார்ப்பது என் வேலை. ஆளைப் போய்ப் பார்ப்பது கிணிங் சார் வேலை. நோய் என்று சொன்னவர் வீட்டுக்குத் திடீரென்று போய், உண்மையிலேயே படுத்திருக்கிறாரா, இல்லை கூரைக்கு ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்து, 'நோய் உண்மை' அல்லது 'நோய் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதுவதை வைத்துத்தான் சம்பளம் பிடிப்பதும், எச்சரிக்கை கொடுப்பதும், வேலையை விட்டு அனுப்புவதும். ஊரார் சாபம் முழுக்க ஒரே தலையில் விழுகிற வேலை.

அவர் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. இளவயதில் சோப்பை வில்லையாக வெட்டும் இயந்திரத்தில் நின்றவர். அதில் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தபோது, அப்போது இருந்த விசாரிப்புக்காரர் வந்து, "கட்டைப் பிரிச்சுக் காட்டு" என்றாராம். புதுப் பெண்டாட்டி கதவோரம் நின்று அழ, இவர் பிரித்துக் காட்டியிருக்கிறார். வந்தவர் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, 'நோய் உண்மை' என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த ஆள் ஓய்வு பெற்றதும், கை ஊனத்துக்கு ஏற்ற லேசான வேலை என்று இதையே இவருக்குக் கொடுத்தார்கள்.

எந்த வீட்டிலும் எவனையும் கட்டைப் பிரிக்கச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் மணி. தொழிலாளர் குடியிருப்புத் தெருமுனையில் திரும்பும்போதே கிணிங் கிணிங் என்று நீளமாக அடிப்பார். அடித்துவிட்டு மெதுவாக மிதிப்பார். கூரையில் இருப்பவன் இறங்கி, கை கழுவி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படுக்க அந்த நேரம் போதும். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும் என்று, உள்ளேயிருந்து அம்மா அப்பா என்று முனகவும் செய்வார்கள். இவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, ரெண்டு வார்த்தை விசாரித்து, 'நோய் உண்மை' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். தெருவில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

பிறகு ஒருநாள் மணியைக் கழற்றிவிட்டார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார். ஜன்னலோடு போகாமல் கதவைத் தட்டி உள்ளே நுழைந்தார். படுத்திருப்பவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாய் திறந்து ஒழுங்காக நாலு வார்த்தை பேசும்வரை எழுந்திருக்க மாட்டார். கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினார். கூரைமேல் இருந்தவனைக் கூரைமேல் என்றே எழுதினார். பதவி உயர்வுக்கு அடிபோடுகிறார் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கம்பெனியோ அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னது. அவர் அதை அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்தார்.

அவர் தனக்காக ஒருநாள் கூட நோய் விடுப்பு எடுத்ததில்லை. காய்ச்சலோடு வந்து மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போங்கள் என்றால், "படுத்தா முனக வேண்டி வரும்மா" என்பார். ஏதோ பெரிய மனுஷத்தனம் என்று நினைத்துக்கொள்வேன். அவர் மனைவி ஒருமுறை என்னிடம் அங்கலாய்த்தார். "எனக்கு முட்டிவலி. எழுந்திருக்கும்போது வாயில ஒரு 'அம்மாடி' வரத்தானே செய்யும்? வந்தா போச்சு. சாப்பிடுற தட்டை அப்படியே வெச்சிட்டு ஓடி வந்து, 'நெஜமாவா? நெஜமாவா?'ன்னு மூஞ்சியையே பாப்பாரு. இவருக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டு எழுந்திருக்கேன்."

இன்னொன்றும் நான் கவனித்ததுண்டு. பொட்டலம் கட்டும் பிரிவில் ஒரு அம்மாள் இருந்தார். பாய்லர்க்காரர் என்று எல்லோரும் சொல்கிற ஒருவரின் மனைவி. அந்தப் பாய்லர்க்காரர் நோய் விடுப்பில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனவர். நான் வேலைக்கு வருவதற்கு முன்பு நடந்தது. முறையான விடுப்பில் இருந்தவர் இறந்தால் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவது கம்பெனி வழக்கம். பாய்லர்க்காரர் நடிக்கிறார் என்று மேலதிகாரிகள் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் இறந்த அன்று காலையில் 'நோய் உண்மை' என்று எழுதிக் கொடுத்தவர் கிணிங் சார். அந்த வரியால்தான் இந்த அம்மாளுக்கு வேலை கிடைத்தது. தினமும் காலையில் வாசல் கேட் அருகே நின்று, "அவரை நம்பின ஒரே மனுஷன் நீங்கதான் அண்ணே" என்று கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். மழையானாலும் வெயிலானாலும் தவறாது. கும்பிடு வாங்குகிறவர் முகம் மலர வேண்டாமா? இவர் முகம் சுண்டிப்போகும். அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்க, பின்வாசல் வழியாகச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து காவலாளியிடம் திட்டு வாங்கியதும் உண்டு.

அவர் ஓய்வு பெற இருந்த வருஷம் புது மேனேஜர் ஒருவர் வந்தார். வந்தவர் விடுப்புக் கணக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். பாய்லர்க்காரர் மனைவி அடிக்கடி நிற்கிறார், எச்சரிக்கை கொடுத்தும் நிற்கிறார், இப்போது மறுபடியும் முதுகுவலி என்று மாடி டாக்டரின் சர்டிபிகேட்.

"போய்ப் பாருங்க. படுக்கையில இருந்தா சரி. இல்லன்னா வேலையை விட்டு அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர். பெண் தொழிலாளி வீட்டுக்கு ஆண் தனியாகப் போகக் கூடாது என்று அவரே போட்ட விதியின்படி என்னையும் கூட அனுப்பினார்.

கிணிங் சார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். குடியிருப்புத் தெருமுனை வந்ததும் நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார்.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா?"

"இங்கதாம்மா மணி அடிச்சேன்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். பாய்லர்க்காரருக்கு நெஞ்சுவலி என்று விடுப்பு. ஆனால் அந்த ஆள் நடிப்பில் மன்னன். கொதிகலன் சூடு பொறுக்காதபோதெல்லாம் ஏதாவது ஒரு நோயைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். தெருவிலேயே முனகலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் முனகுவதும் இவர் ஜன்னலில் நின்று கேலி செய்வதும் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு.

"அன்னைக்கும் மணி அடிச்சிட்டுத்தான் போனேன். ஜன்னல் பாதி மூடியிருந்துச்சு. உள்ள முனகல். எப்பவும் இல்லாத முனகல். நான் சிரிச்சேன்மா. 'பிரமாதம், இன்னும் கொஞ்சம் இழுத்து முனகினா கம்பெனி டாக்டருக்கே கேக்கும்'னேன். உள்ளேர்ந்து 'அண்ணே'ன்னு ஒரு சத்தம். 'படுங்க படுங்க, எழுதிட்டேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அன்று மதியம் மனைவி வந்து பார்த்தபோது பாய்லர்க்காரர் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தாராம்.

"நான் கதவைத் தள்ளியிருந்தா போதும். தாப்பா கூடப் போடல. மணி அடிக்காம வந்திருந்தா, நடிக்கிறான்னு எனக்குத் தோணியிருக்காது. நல்லது பண்றேன்னு நெனச்சுத்தானே அடிச்சேன்? இப்பவும் எங்கயாவது மணிச் சத்தம் கேட்டா, அதுக்குப் பின்னாலயே அந்த 'அண்ணே' கேக்குது. அந்தம்மா தினமும் அதே வார்த்தையைச் சொல்லிக் கும்பிடுறாங்க. எனக்கு எப்படியிருக்கும், சொல்லு."

அவர் மேலே எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "இன்னைக்கு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க சார்" என்றேன். அதற்குத்தான் வந்திருப்பதாக அவர் சொன்னார்.

வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தெருப்பக்கம் ஒரு ஜன்னல், நடுவில் பொதுக் குழாய். எல்லா வீட்டிலும் எங்கள் சோப்பின் வாடை. பாய்லர்க்காரர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கிணிங் சார் தட்டினார். பதில் வருவதற்குள் உள்ளே போய்விட்டார். அது அவர் வழக்கம்.

முதுகுவலிக்காரம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் தலை சாய்த்துக் கிடந்த இளம்பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், துவைத்துப் பிழிந்த துணிகள். அந்த அம்மாள் படுத்திருந்த அறிகுறியே இல்லை. எங்களைப் பார்த்ததும் சீப்பைக் கீழே வைத்தார்.

"மணி அடிச்சிருந்தா படுத்திருப்பேனே அண்ணே" என்றார்.

சிரிப்பா, குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலில் இருந்தது அவர் மகள். பிரசவத்தில் குழந்தை இறந்து பிறந்ததிலிருந்து பேசுவதில்லை, சாப்பிட வைத்தால் சாப்பிடுவாள், தனியாக விட்டால் வெளியே கிளம்பி எங்காவது போய் நிற்பாள் என்றார். ஒருமுறை ரயில் பாதைப் பக்கமிருந்து அழைத்து வந்தார்களாம்.

"மகளுக்கு உடம்பு சரியில்லன்னா தாய்க்கு லீவு கிடையாதுன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. யாருக்கு நோவோ அவங்க பேர்லதான் சர்டிபிகேட் வேணுமாம். அதான் எம்பேர்ல வாங்கினேன். இவளைத் தனியா விட முடியாது தங்கச்சி" என்று என்னைப் பார்த்தார். "ஒருத்தரைத் தனியா விட்டுட்டுப் போய்த்தான் அனுபவிச்சிட்டேனே. அன்னைக்கு நான் எங்க போயிருந்தேன்னு நெனக்கிற? லீவு நீட்டிக்க சர்டிபிகேட் வாங்கத்தான். டாக்டர் வீட்டு வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். காகிதம் கெடச்சுது. ஆளு போயிட்டாரு."

அலுவலகத்தில் அப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். விதியைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா என்று நினைவில்லை.

கிணிங் சார் நின்றுகொண்டே இருந்தார்.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் அவரை நம்பல. நீங்க தினமும் சொல்றீங்களே, அது பொய். அவர் நடிக்கிறார்னு நெனச்சுத்தான் எழுதிக் குடுத்தேன். ஜன்னல்ல நின்னு..."

"சிரிச்சீங்க" என்றார் அந்த அம்மாள்.

கீழே வைத்த சீப்பை எடுத்து மறுபடியும் மகளுக்குத் தலை வார ஆரம்பித்தார்.

"அன்னைக்குச் சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரி சொல்லிட்டா. குழாயடியில துணி துவைச்சிக்கிட்டு இருந்தாளாம். நீங்க சிரிச்சதைப் பாத்து அவளும் சிரிச்சாளாம். அவரு முனகினது அவளுக்கும் கேட்டுது. தெருவுக்கே கேட்டுது. உங்க மணி அடிச்சா யாரு முனகினாலும் எங்க தெருவுல எட்டிப் பாக்க மாட்டாங்க அண்ணே."

"தெரிஞ்சுமா... அப்புறம் எதுக்குத் தினமும் கும்பிட்டீங்க?"

"நீங்க மறந்துடக் கூடாதுன்னுதான்."

அதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் பிழைத்திருப்போம். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல என்பார்களே, அத்தனை வருஷமும் ஒவ்வொரு காலையும் அந்த மனுஷருக்கு ஏறியிருக்கிறது. பக்கத்தில் நின்ற நான் அதை நன்றி என்று நினைத்திருக்கிறேன்.

கிணிங் சார் பையிலிருந்து விசாரிப்புப் படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. மணியைக் கழற்றியதற்குப் பிறகு கண்ணால் காணாத ஒரு சொல்லை அவர் எழுதியது கிடையாது. கண்டதை எழுதினால் இந்த அம்மாளின் வேலை அன்றோடு போயிற்று. மகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். எழுதாமல் விட்டால் மேனேஜர் வேறு ஆளை அனுப்புவார்.

அந்த அம்மாள் எழுந்து வந்து எதிரே நின்றார். "அன்னைக்குப் பாக்காமலே 'நோய் உண்மை'ன்னு எழுதினீங்க அண்ணே. இன்னைக்குப் பாத்துட்டு எழுதுங்க."

அவர் கட்டில் பக்கம் போனார். மகளின் நெற்றியில் கையை வைத்தார். அவள் தலையைத் திருப்பவில்லை. அவர் எல்லா வீட்டிலும் செய்வதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஒரு வார்த்தையாவது பேசுவாள் என்று காத்திருந்தார். ரொம்ப நேரம் காத்திருந்தார். அவள் பேசவில்லை. பிறகு முழங்கால்மேல் வைத்து 'நோய் உண்மை' என்று எழுதினார். தாய் பெயரில் இருந்த படிவம்தான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். விஷயம் வெளியே தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போகும். போனால் போகட்டும் என்று அழுத்தியே போட்டேன்.

விடுப்பு முடிந்து அந்த அம்மாள் வேலைக்கு வந்தார். மகளைப் பார்த்துக்கொள்ள அக்காள் முறையில் யாரோ வந்திருப்பதாகக் கேள்வி. கிணிங் சார் அன்று பின்வாசலுக்குப் போகாமல் முன்கேட்டிலேயே நின்றார். அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். கும்பிடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். மறுநாளும் அப்படியே. பாரம் இறங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அவரோ அறைக்குள் வந்து, "ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் உடம்பு கரைய ஆரம்பித்தது. யாராவது தாழ்வாரத்தில் இருமினால் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் உணவுக்கூடத்தில் ஒரு சின்னக் கூட்டம். தேநீர், பிஸ்கட், மேனேஜர் பேச்சு. நான் கடைசி மேஜையில் இருந்தேன். பொட்டலப் பிரிவுப் பையன்கள் ஒரு பரிசுப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார்கள். பழைய மெக்கானிக் ஒருவர் அவர்களுக்கு அந்தக் காலத்துக் கதையைச் சொல்லியிருக்கிறார், பாதிக் கதை. கிணிங் சார் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே பளபளவென்று புது சைக்கிள் மணி.

நான் எழுந்திருப்பதற்குள், "அடிங்க சார், அடிங்க சார்" என்று ஒருவன் அவர் கையிலிருந்து வாங்கித் தானே அடித்தான். கிணிங் கிணிங். அதுதான் அவர்கள் பேசி வைத்துக்கொண்ட சைகை. கூடம் முழுக்க எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்து முனக ஆரம்பித்தார்கள். அய்யோ, அம்மா, முடியலையே என்று ஆளுக்கொரு சுருதியில். மேனேஜர்கூடச் சிரித்துக்கொண்டே தலையைப் பிடித்தார்.

கிணிங் சார் சிரிக்கவில்லை. முன்வரிசையில் சாய்ந்திருந்தவனிடம் போய், அவன் நெற்றியில் கை வைத்தார். "நெஜமாவா?" என்றார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் முனகினான். அடுத்தவனிடம் போனார். "நெஜமாவா தம்பி? நெஜமாவா?" ஒவ்வொரு மேஜையாக, ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுக்கொண்டே போனார். முதலில் தொட்டவர்களின் சிரிப்பு நின்றுபோயிற்று. பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, அவர்கள் முனகிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பையன் இன்னொரு தரம் மணியை அடித்தான்.

பாய்லர்க்காரர் மனைவி சுவரோரம் நின்றிருந்தார். நேராக வந்து, அந்தப் பையன் கையிலிருந்த மணியை உள்ளங்கையால் பொத்தினார். சத்தம் அமுங்கியது. அதோடு முனகலும் ஒவ்வொன்றாக அடங்கியது. பிறகு கிணிங் சாரின் கையைப் பிடித்து, யாரோ ஒருவனுடைய நெற்றியிலிருந்து எடுத்தார்.

"போதும் அண்ணே" என்றார். "யாருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாரும் நடிக்கிறாங்க. நீங்க வீட்டுக்குப் போங்க."